மைக் வந்த பிறகு: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நம் பழைய யாஹூ அரட்டை அறையின் ஆட்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளியில் கூடலாம் என்று நீங்கள் அனுப்பிய அழைப்புக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இன்று அக்டோபர் 22. திக்குவாய் உள்ளவர்களுக்கான விழிப்புணர்வு நாளாக 1998 முதல் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் நாள். என் முடிவை இன்று சொல்லிவிடுவது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். உங்களுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். ஆனால் என் திக்கலைப் பற்றிய அந்த ஒரு வரியை அன்று அறையில் நீங்கள் எல்லார் முன்னாலும் எழுதினீர்கள். அதற்கான பதிலும் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பதே முறை.

உங்கள் பெயரையோ, அறையில் நீங்கள் வைத்திருந்த ஐடியையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டார் இதைப் படிக்கக்கூடும் என்பதும், நாம் அந்நாளில் பேசிக்கொண்ட சில குடும்ப விஷயங்கள் அவர்களுக்குத் தெரியாது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அவற்றுக்குள் நான் போகமாட்டேன். நீங்கள் என்னை நம்பிச் சொன்னவை என்னிடமே இருக்கின்றன. நான் நம்பிச் சொன்னதுதான் வெளியே போனது.

நாம் எப்படிப் பழகினோம் என்பதை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. நான் எங்கே உட்கார்ந்து உங்களோடு பேசினேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சிப் பக்கம், மாடியில் இருந்த ப்ரவுசிங் சென்டர் அது. மணிக்கு 30 ரூபாயாக இருந்த கட்டணம் 20க்கு இறங்கிய பிறகுதான் நாள் தவறாமல் போக முடிந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் மேசை மேல் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு இருக்கும். பெயரையும் நேரத்தையும் அதில் எழுத வேண்டும். எழுதினால் போதும், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. திக்குகிற பலருக்கு எல்லாவற்றிலும் கடினமானது சொந்தப் பெயரைச் சொல்வதுதான். வேறு ஒரு சொல் தடுக்கினால் அதே பொருளில் இன்னொன்றைப் போட்டுத் தப்பிவிடலாம். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. ஊர்ப் பெயருக்கும் கிடையாது. இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் வாயில் வராமல், வரக்கூடிய பெயருள்ள நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி வெயிலில் நடந்து போயிருக்கிறேன். கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் எண் நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவனுக்கு அந்த அறையில் வாயாடி என்று பெயர். நீங்கள் வைத்த பெயர்தான். பிறந்ததிலிருந்து அந்தப் பட்டத்தை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. நான் உள்ளே வந்ததும் "வாங்கோ தம்பி" என்று உங்கள் வரி ஊதா நிறத்தில் மேலே ஏறும். பாரிஸில் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், மஸ்கட்டில் செவிலியராக இருந்தவர், கோவையில் படித்துக்கொண்டிருந்த காது கேளாத மாணவர், சிங்கப்பூரில் இரவு வேலை பார்த்தவர், இவர்கள் எல்லாரும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒருவரையொருவர் நலம் விசாரித்த இடம் அது. 2002 பிப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபோது, யார் முதலில் ஊருக்குப் போவது என்று நீங்கள் எல்லாரும் விடிய விடியப் பேசியதை நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். யாழ்ப்பாணத்தில் உங்கள் தெருவில் எந்த வீட்டு மதிலுக்கு மேல் வேம்பு எட்டிப் பார்க்கும் என்பது வரை எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை.

தனிச் சாளரத்தின் அடியில், எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்று ஒரு வரி வரும், நினைவிருக்கிறதா? நான் நடுவில் நிறுத்தினால், நான் யோசிக்கிறேன் என்று நினைத்து நீங்கள் காத்திருப்பீர்கள். என் வாக்கியத்தை எடுத்து நீங்கள் முடித்ததில்லை. ஊரில் எல்லாரும் முடித்துவைப்பார்கள், அதுவும் தவறாக முடிப்பார்கள். நான் கேட்க வந்தது ஒன்று, அவர்கள் ஊகித்துக் கொடுப்பது இன்னொன்று. மறுத்துச் சொல்ல இன்னொரு முறை திக்க வேண்டுமே என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எழுத்து அரட்டையில் ஒருவர் எழுதி முடித்து அனுப்பும் வரை மற்றவர் அதைத் தொட முடியாது. ஓர் இரவு, என் பேச்சு இப்படி என்பதை உங்களிடம் மட்டும் எழுதினேன். "அதுக்கென்ன தம்பி" என்று எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த நிம்மதியை இப்போது எழுதினாலும் நீங்கள் மிகையென்றுதான் சொல்வீர்கள்.

பிறகு மைக் வந்தது. யாஹூ அறைகளில் குரல் வசதி அதற்கு முன்பே இருந்ததுதான். எங்கள் கடைகளில் ஹெட்செட் வாங்கிவைக்கத் தொடங்கிய பிறகே அது எங்களுக்கு வந்தது. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். பேசுகிறவருடைய பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் ஒளிரும். சில வாரங்களில் எழுத்து அடங்கிப்போய், பழைய திரைப்பாட்டு பாடுகிறவர்களும் கவிதை படிக்கிறவர்களும் அறையைப் பிடித்துக்கொண்டார்கள். கோவை மாணவர் சில நாள் வந்து பார்த்துவிட்டு வராமல் போனார். மாமியார் அறைக்கு வெளியே படுத்திருக்க, ஓசை எழாமல் தட்டச்சு செய்து பேசிய பெண்களும் குறைந்தார்கள். அவர்கள் ஏன் வருவதில்லை என்று நீங்கள் உட்பட யாரும் கேட்கவில்லை. மைக் வந்ததால் அறை உயிர்பெற்றது என்று நீங்கள் அண்மையில் குழுவில் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அது அப்படி இருந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு கடையில் என்னையும் கடைக்காரரையும் தவிர யாரும் இல்லை. இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். தம்பியின் குரலை ஒரு நாளாவது கேட்க வேண்டும் என்று நீங்கள் அதற்கு முன் பல நாள் கேட்டிருந்தீர்கள். ஹெட்செட்டின் பஞ்சு உரிந்து காதில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. பொத்தானை அழுத்தினேன். என் பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் ஒளிர்ந்தது. "வணக்கம்" வந்துவிட்டது. அடுத்து என் பெயர். முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அப்படி அடைக்கும்போது ஓசையே வராது. உள்ளே முழு முயற்சி நடந்துகொண்டிருக்கும், வெளியே கேட்கிறவருக்கு வெறும் மௌனம்தான். திரையில் எழுத்துகள் ஏறின. "ஆடியோ வரவில்லை" என்றார் ஒருவர். "டயல்-அப் பிரச்சினை, திரும்பக் கனெக்ட் பண்ணுங்கள்" என்றார் இன்னொருவர். அந்த நாள்களில் எல்லாருடைய குரலும் பாதியில் அறுந்தும், ஒரே அசை இரண்டு முறை ஒலித்தும்தான் வரும். என் குரலும் அவற்றுள் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அக்கா, எனக்கு அந்தச் சில நொடிகளில் ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! முதல் முறையாக என் திக்கலுக்கு என்னைத் தவிர வேறொரு காரணம் இருந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டே வந்திருப்பேன். நீங்கள் எழுதினீர்கள்: "லைன் நல்லாத்தான் இருக்கு. தம்பிக்குக் கொன்னை தட்டும். எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ."

அறை பொறுத்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவரும் எதையும் எழுதவில்லை; பெயர்கள் மட்டும் வலப்பக்கம் வரிசையாக நின்றன. என் விரல் பொத்தானிலேயே இருந்தது. கடைக்காரர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார். என் பெயரைச் சொல்லி முடித்தேனா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்களிடம் அதைக் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

நீங்கள் என்மேல் கொண்ட அன்பினால்தான் அதை எழுதினீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னைக் கேலி செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டீர்கள். இதை நான் பல இரவுகள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மறு வாரமே தனியாக அனுப்பினீர்களே, பாட்டு என்றால் திக்காதாமே, ஒரு பாட்டாவது பாடுங்கோ தம்பி என்று. அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. உண்மைதான், பாடும்போது திக்காது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் திக்காது. அதற்காக, திக்காமல் வரும் என் பகுதியை மட்டும் அறைக்குக் கொண்டுவா என்று சொல்வதா? வாயாடி என்று பெயர் வைத்தவரா அதைச் சொல்வது?

அதற்குப் பிறகு நான் வரவில்லை. எம்ஐஆர்சி என்ற மென்பொருள் வழியாக, ஐஆர்சி என்ற இணைய அரட்டை ஏற்பாட்டின் ஒரு சேனலுக்குப் போனேன். 1988ல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் எழுத்து மட்டும்தான் உண்டு. மைக்குக்கு அங்கே இடமே இல்லை. நல்ல மனிதர்கள் கிடைத்தார்கள். அக்கா ஒருவரும் கிடைக்கவில்லை. உங்கள் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என் மௌனம் உங்களை எவ்வளவு வருத்தியது என்பதைப் பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். அந்த வயதில் இதைவிடக் கடுமையாக எழுதியிருப்பேன். எழுதாமல் இருந்ததே உங்களுக்கு நான் காட்டிய மரியாதை என்று அப்போது நம்பினேன். இன்றும் அதில் பாதியை நம்புகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று மட்டும் என்னால் இருக்க முடியவில்லை. கன்னியாகுமரி, குளச்சல் பக்கத்துச் செய்திகள் வந்துகொண்டிருந்தபோது கிழக்கிலங்கைக் கரையும் அழிந்தது என்று கேள்விப்பட்டு, மெசஞ்சரைத் திறந்து உங்கள் பெயரைப் பார்த்தேன். உங்களவர்கள் பற்றி அன்று நீங்கள் எனக்கு எழுதியதை இங்கே சொல்லமாட்டேன். இரவு முழுவதும் நான் எழுத, நீங்கள் எழுத, ஒருவரும் மைக்கைத் தொடவில்லை. அழும்போது பேச முடியவில்லை தம்பி, எழுத முடிகிறது என்றீர்கள். உங்களுக்கு அது ஒரு நாள் அனுபவம். எனக்கு அது தினமும். அந்த இரவில் இதைச் சொல்வது நியாயமில்லை என்று வாயை மூடிக்கொண்டேன், இப்போது சொல்லிவிட்டேன்.

யாஹூ தன் அறைகளை 2012 டிசம்பரில் மூடியது. மெசஞ்சரை 2018 ஜூலை 17 அன்று. ஐசிக்யூ என்ற இன்னொரு அரட்டைச் சேவையும் போய்விட்டது, 2024 ஜூன் 26ல். நாம் எழுதிய எதுவும் எங்கும் மிஞ்சவில்லை. நீங்கள் எழுதிய அந்த வரிக்கும் நான் ஒருவன்தான் சாட்சி என்று நினைத்திருந்தேன். அழைப்பு வந்த பிறகு, பாரிஸ் அண்ணன் எனக்கு எழுதினார். அன்றைய இரவு தமக்கு நன்றாக நினைவிருப்பதாகவும், தம் மகனும் திக்குவதாகவும், அவனுக்காகப் பொறுத்திருக்க அந்த அறையில்தான் கற்றதாகவும் எழுதியிருந்தார். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத் திக்கல் உண்டு என்பார்கள். அந்த அறைக்கு வந்துபோனவர்களில் நான் ஒருவனாகவா இருந்திருப்பேன்? அவருடைய கடிதம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. உங்கள்மேல் இருந்த கோபம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே வருகிறேன். கேமராவைத் திறந்துவைத்துக்கொண்டு, என் பெயரை நானே சொல்வேன். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். நீங்களும் எனக்காக எவரிடமும் எதையும் விளக்க வேண்டாம். முன்கூட்டியும் வேண்டாம், பிறகும் வேண்டாம். பாட்டுக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. கோவை மாணவரை நீங்கள் அழைத்ததாகத் தெரியவில்லை. அவருக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அவர் இல்லாமல் அதைப் பழைய அறை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் வந்தால் எல்லாரும் பேசுவதை ஒருவர் உடனுக்குடன் தமிழில் தட்டச்சு செய்து திரையில் காட்ட வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், என் வேகம் உங்களுக்குத் தெரியும். அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருக்கிறது. அதை இன்றிரவே உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். நீங்களே எழுதிக் கூப்பிடுங்கள் அக்கா. நான் கூப்பிடுவதைவிட நீங்கள் கூப்பிட்டால்தான் அவர் வருவார்.

அன்புடன்,
பாளையங்கோட்டைத் தம்பி