அப்பாவின் காலைக் காத்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்கள், தாதிய உத்தியோகத்தர்கள், சிற்றூழியர்கள் மற்றும் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும்,

வணக்கம். தம்பலகாமத்தில் வயல் செய்துவரும் எங்கள் தந்தையாரின் வலது கால் இன்றும் அவருடைய உடலோடு இருப்பதற்குக் காரணமான உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைப் பகிரங்கமாகத் தெரிவிப்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். நேரில் சொல்ல முயன்றபோது சிலர் வேறு விடுதிகளுக்கு மாறிச் சென்றிருந்தார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றவர்களில் பலரை நாங்கள் பார்த்ததே இல்லை. எவருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஒருவரின் பெயரை எழுதினால் அவருக்குத் தோள் கொடுத்த பத்துப் பேரின் பெயர் விடுபட்டுவிடும். அப்பாவின் கால் பிழைத்ததோ அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து உழைத்ததனால்தான்.

அப்பாவுக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம் இருக்கிறது. இளம் வயதிலிருந்தே சுருட்டுப் பழக்கமும் இருந்தது. பெரும்போக விதைப்பு நேரத்தில் வரம்பில் நடந்தபோது பெருவிரலின் அடியில் முள் ஏறியிருக்கிறது. நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருந்தபடியால் அது அவருக்குத் தெரியவில்லை. புண் ஆறாமல் சீழ் பிடித்து, பக்கத்து விரல் கறுக்கத் தொடங்கியபின் முதலில் அவரைக் கொண்டுசென்ற இடத்தில், முழங்காலுக்கு மேலே காலை அகற்றுவதே வழி என்று கூறி, சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடும்படி கேட்டார்கள். அந்தக் காலுக்கு இரத்தம் எவ்வளவு போகிறது என்பதை அங்கே எவரும் அளந்து பார்க்கவில்லை. இதைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. இனி வரப்போகும் நோயாளர் எவருக்கும் அந்த ஒரு பரிசோதனை விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் அன்று கடமையிலிருந்த இளம் வைத்தியருக்கு. நீங்கள் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னரே, "ஐயா, ராவிலே காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டா படுக்கிறீர்கள்?" என்று கேட்டீர்கள். அப்பா பல வாரங்களாகச் சாய்வுநாற்காலியிலேயே உறங்கி வந்தார். கால் கீழே தொங்கினால் மட்டுமே வலி சற்றுத் தணிந்தது. இரத்தம் போதாத காலுக்குப் புவியீர்ப்பு செய்யும் சிறு உதவி அது என்பதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தோம். பின்னர் தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், உட்கணுக்கால், புறங்கால் என ஒவ்வோர் இடமாக விரல் வைத்து நாடித்துடிப்பைத் தேடினீர்கள். இடுக்கில் துடிப்பு மெலிந்திருந்தது. அதற்குக் கீழே எங்கும் அகப்படவில்லை.

அடுத்து நீங்கள் செய்ததை நான் வியப்போடு நினைத்துப் பார்க்கிறேன். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் அளவு 0.9க்குக் குறைந்தால் காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளில் அடைப்பு இருக்கிறது என்று கொள்வார்கள். அப்பாவுக்கு அது ஒன்றுக்கு மேலே, அதாவது ஆரோக்கியமான காலைப் போலவே வந்தது. அந்த எண்ணை ஏற்று, இரத்தோட்டம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு நீங்கள் போயிருக்கலாம். ஆனால் நீரிழிவு உள்ளவர்களின் நாடிச் சுவர்களில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் அழுத்தப் பட்டியால் அவற்றை நசுக்க முடியாது என்றும், அதனால் எண் பொய்யாக உயர்ந்து வரும் என்றும் சொல்லி, இரத்தம் ஓடும் ஒலியைக் கேட்கச் செய்யும், பேனா போன்ற டொப்ளர் கருவியைப் புறங்காலில் வைத்து எங்களையும் கேட்கச் செய்தீர்கள். என் காலில் வைத்தபோது ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மூன்று அடுக்காகத் துள்ளி எழுந்த ஒலி, அப்பாவின் காலில் வெகு தூரத்திலிருந்து வரும் ஒற்றை இழுப்பாக மட்டுமே கேட்டது. எண்ணை விட்டு ஒலியை நம்பிய அந்தத் தீர்மானத்தில்தான் மற்ற எல்லாம் தொடங்கின.

அன்றிரவே சீழை வெட்டி வெளியேற்றிய சத்திரசிகிச்சை நிபுணருக்கும் அவருடைய குழுவினருக்கும் அடுத்த நன்றி. கறுத்த விரலையும் அப்போதே எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் கெஞ்சினோம். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள்: சீழ் ஒரு நாளும் காத்திருக்காது, அது மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து, காய்ந்துபோன விரலோ காத்திருக்கும், அதை இரத்தம் வராத காலில் வெட்டினால் வெட்டிய இடமே ஆறாத புண்ணாகி, அதற்கு மேலே, பின்னர் அதற்கும் மேலே என்று வெட்டிக்கொண்டே போக நேரிடும். முதலில் கிருமியை அடக்குவது, பிறகு இரத்தத்துக்கு வழி திறப்பது, அதன் பின்பே விரலைத் தொடுவது என்ற இந்த ஒழுங்கைக் குலைக்காமல் காத்ததற்காகவும், கண்டியிலுள்ள இரத்தக்குழாய் சத்திரசிகிச்சைப் பிரிவோடு நீங்களே தொலைபேசியில் பேசிக் கட்டில் ஒழுங்கு செய்து தந்ததற்காகவும் நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக அப்பாவின் கால் எங்கும் இடிபடாதவாறு நோயாளர் காவு வண்டியை ஓட்டிச்சென்ற கிண்ணியாச் சகோதரருக்கும், வழி முழுவதும் உடனிருந்த தாதிக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

கண்டியில் எங்களைச் சந்தித்தவர்கள் ஒரு பெரிய குழுவினர். பெருவிரலின் அழுத்தத்தை அங்கே தனியாக அளந்தபோது அது 30 மி.மீ. இரசத்துக்கும் கீழே இருந்தது. அந்த அளவில் புண் தானாக ஆறுவதை எதிர்பார்க்க முடியாது. நாடிகளைக் காட்டும் சி.ரி. அஞ்சியோகிராம் படத்தில், இடுப்புக்குள் ஓடும் நாடி ஓரிடத்தில் நெரிந்திருந்ததும், தொடை நாடி நெடுந்தூரத்துக்கு முற்றாக அடைபட்டிருந்ததும், முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு நாடி மட்டும் பாதம்வரை எட்டியதும் தெரிந்தன. அந்தப் படத்தின் முன்னால் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரும் கதிரியக்க வைத்திய நிபுணரும் நின்று, எதைப் பலூனால் திறப்பது, எதைச் சுற்றிப் புதுவழி அமைப்பது என்று பேசிக்கொண்டதைக் கதவோரம் நின்று பார்த்தேன். சிங்களத்தில் பேசியதால் முழுவதும் விளங்கவில்லை. ஆயினும் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்ததும், மறுத்தவரின் கருத்தே ஈற்றில் ஏற்கப்பட்டதும் நன்றாக விளங்கின. தன் துறையே பெரிதென்று ஒருவரும் நிற்கவில்லை. நீரிழிவு வைத்தியர் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். படம் எடுக்க ஏற்றும் சாயமருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படாதிருக்க, முன்னும் பின்னும் குருதியைச் சோதித்தார்கள். கால் நாடி அடைத்தவருக்கு இருதய நாடியும் அடைத்திருக்கக்கூடும் என்று கூறி, இருதய ஸ்கான் முடியும்வரை மயக்க மருந்து நிபுணர் சம்மதம் தரவில்லை. அந்தத் தாமதம் அப்போது எங்களுக்குக் கசந்தது. அந்த எச்சரிக்கைக்காக இப்போது உங்களை வணங்குகிறோம்.

இந்தச் சிகிச்சைகளின் வரலாற்றையும் அங்கே ஒரு பயிற்சி வைத்தியர் எனக்குச் சொன்னார். அடைபட்ட தொடை நாடியைத் தாண்டி நோயாளரின் சொந்த நாளத்தையே (இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயையே) பாலமாகத் தைக்கும் முறையை 1948இல் பாரிஸ் நகரில் ஷான் குன்லின் என்பவர் செய்து காட்டினார். 1964 தை மாதம் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணொருவரின் நாடியை, கதிரியக்க வைத்தியரான சார்ல்ஸ் டொட்டர் குழாய்களைச் செலுத்தி விரித்துத் திறந்தார். அந்த அம்மையார் தம் சொந்தக் கால்களாலேயே கடைசிவரை நடந்தார். அந்த இரண்டு வழிகளும் அப்பாவின் ஒரே காலில் ஒன்றுசேர்ந்தன. இடுப்பு நாடியைக் கதிரியக்க நிபுணர் பலூனால் விரித்து, அது மீண்டும் மூடாதிருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார். தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை சத்திரசிகிச்சை நிபுணர் புதுவழி தைத்தார். செயற்கைக் குழாயைவிடச் சொந்த நாளமே நீடித்து உழைக்கும் என்று கூறி, முந்திய நாளே ஸ்கான் கருவியால் தேடி, அந்த நாளம் ஓடும் வழியைத் தொடையில் கறுப்பு மையால் வரைந்து வைத்தார்கள். நாளத்தின் உள்ளே இரத்தத்தை இருதயத்தை நோக்கி மட்டுமே விடும் வால்வுகள் இருக்கின்றன. எனவே அதைத் தலைகீழாகத் திருப்பித் தைத்து, இரத்தம் பாதத்தை நோக்கி ஓடச் செய்தார்கள். தலைமுடி அளவே தடிப்பான நூலால், மணிக்கணக்காக நின்று நீங்கள் இட்ட தையல் ஒவ்வொன்றுக்கும் நன்றி.

இனி, இந்த மடலில் நான் மிகவும் எழுத விரும்பிய இடம். சத்திரசிகிச்சை முடிந்து வந்த அப்பாவின் பாதத்தில், டொப்ளர் ஒலி தெளிவாகக் கேட்கும் புள்ளியில் யாரோ பேனாவால் ஒரு சிறு பெருக்கல் குறி இட்டிருந்தார்கள். பணி மாறி வரும் தாதி எவரும் இருட்டில் தேடித் தடுமாறாமல் அதே இடத்தில் கருவியை வைக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குறி. மணிக்கு ஒரு தடவை வந்து, கேட்டு, காலின் சூட்டைப் புறங்கையால் பார்த்து, எழுதிவிட்டுச் சென்றார்கள். இரண்டாம் இரவு, அப்பா வலியென்று சொல்வதற்கு முன்பே, கடமையிலிருந்த தாதி குறியிட்ட இடத்தில் கருவியை வைத்து நெடுநேரம் நின்றார். இன்னொரு தாதியை அழைத்துக் கேட்கச் செய்தார். பிறகு தாமதிக்காமல் வைத்தியரை எழுப்பினார். புதிய வழியில் இரத்தக்கட்டி உறைந்திருந்தது. அன்றிரவே அப்பா மீண்டும் கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். 1963இல் தோமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய, நுனியில் சிறு பலூன் உள்ள குழாயால் கட்டியை இழுத்தெடுத்து, தையலில் நெரிவு இருந்த இடத்தையும் திருத்தினார்கள். விடியும்வரை அது கவனிக்கப்படாதிருந்தால், அதற்கு முன் செய்த பாடுகள் அத்தனையும் வீணாகியிருக்கும் என்று நிபுணரே எங்களிடம் சொன்னார்.

அன்றிரவு விழித்திருந்த தாதியே, உங்கள் பெயர்ப்பட்டியில் இருந்த பெயரை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. நீங்கள் பேசிய மொழியும் எங்களுக்கு அரைகுறையாகவே தெரியும். எங்கள் வீட்டில் உங்களைக் "காலைக் காத்த பிள்ளை" என்றே சொல்கிறோம். உங்களுடைய பெயரால் பத்திரகாளி அம்மனுக்கு அர்ச்சனை செய்ய எங்கள் அம்மா விரும்பினார். பெயர் தெரியாததால் அப்படிச் சொல்லியே செய்வித்தார்.

அதன்பின் கறுத்த விரலை அடியோடு எடுத்தார்கள். முன்னர் வெளிறிக் கிடந்த பாதத்தில் அப்போது வெட்டிய இடத்திலிருந்து சிவந்த இரத்தம் கசிந்ததைக் கண்டு நிபுணர் மகிழ்ந்ததாக அறிந்தோம். மீதிப் புண்ணுக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டிய குழுவினருக்கும், அப்பாவின் எடை முன்பாதத்தில் விழாதவாறு நடக்கப் பழக்கிய இயன்மருத்துவருக்கும், தமிழும் சிங்களமும் தெரிந்தமையால் தன் வேலைக்கு மேலதிகமாக எங்களுக்கு நாவாக நின்ற சிற்றூழியருக்கும், யாரென்று நாங்கள் அறியவே போகாத குருதிக் கொடையாளருக்கும் நன்றி. வீடு திரும்பியபின் எங்கள் ஊர் வைத்தியசாலையின் மருந்து கட்டும் அறையில் ஒவ்வொரு முறையும் புண்ணின் நீள அகலத்தை அளந்து கொப்பியில் குறித்த தாதிக்கும், அப்பா கட்டிலில் கிடந்த காலத்தில் எங்கள் வயலுக்கு முறை தவறாமல் தண்ணீர் பாய்ச்சி வெள்ளாமையையும் வெட்டித் தந்த அயலவருக்கும் நன்றி. இவ்வளவு சிகிச்சைக்கும் வைத்தியசாலை எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

எல்லாக் கால்களையும் காப்பாற்ற முடியாது என்பதை நிபுணரே எங்களுக்குத் தெளிவாகக் கூறியிருந்தார். கிருமி உடல் முழுவதும் பரவியவருக்கும், பாதத்தில் தைப்பதற்கு நாடியே இல்லாதவருக்கும் காலை அகற்றுவதே உயிரைக் காக்கும் சிகிச்சை. அந்த முடிவை எடுத்த குடும்பங்கள் மனம் நோகத் தேவையில்லை. ஆனால் சீனி வருத்தமோ புகைப்பழக்கமோ உள்ளவரின் பாதப் புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையென்றால், அல்லது விரல் நிறம் மாறினால், அன்றே வைத்தியரிடம் காட்டி, "காலின் இரத்தோட்டத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்குமாறு எங்கள் மாவட்டத்து மக்களை வேண்டிக்கொள்கிறேன். நீரிழிவு கிளினிக்குகள் எல்லாவற்றிலும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கும் வழக்கமும், ஒரு டொப்ளர் கருவியும் இருக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகளிடமும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா சுருட்டை விட்டுவிட்டார். அஸ்பிரினையும் கொழுப்புக்கான மருந்தையும் நேரம் தவறாமல் எடுக்கிறார். வயலுக்குச் சப்பாத்து அணிந்தே போகிறார். நீங்கள் தைத்த வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கானுக்காக அடுத்த கிளினிக்குக்குக் கண்டிக்கு வருவோம். அப்போது இம்மடலின் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் விடுதிக்குக் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுடன்,
மகளும் குடும்பத்தினரும்,
தம்பலகாமம், திருகோணமலை.