2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸப்பில் போகும். நீல டிக் விழுந்தால் சரி.

நமது திரைப்படச் சங்கம் இந்த ஆண்டும் குறும்பட மாலை, கோடை விடுமுறையில் சிறுவர் படம் இரண்டையும் வழக்கம்போல் நடத்தியது. டிசம்பர் திரையிடல் மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவில்லை.

பிப்ரவரியில் திரையிட்ட ‘ரோம், திறந்த நகரம்’ என்ற இத்தாலியப் படத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தால்தான் கூட்டம் குறைந்தது என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. தேர்ந்தெடுத்தது நான்தான். அடுத்த முறையும் தேர்ந்தெடுப்பேன்.

1943 செப்டம்பரில் ரோம் நாஜிப் படையின் பிடியில் விழுந்தது. விடுபட்டது 1944 ஜூன் 4 அன்று. அடுத்த ஜனவரியிலேயே இயக்குநர் ரொபெர்த்தோ ரொஸலினி படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார். அப்போது வட இத்தாலியில் ஜெர்மானியர்கள் இன்னும் இருந்தார்கள். கையில் பணமில்லை, பிலிம் சுருளுக்கும் தட்டுப்பாடு. 1946இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பெரும்பரிசு பெற்ற படங்களில் இதுவும் ஒன்று. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் காட்டினார்கள். நமக்குத்தான் ‘பழைய கறுப்பு வெள்ளை’.

‘ஒரே அழுகை’ என்பது அடுத்த புகார். முழுதாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். படத்தின் தொடக்கத்திலேயே பசி பொறுக்காத பெண்கள் ரொட்டிக் கடைக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். பிறகு குடியிருப்பில் சோதனை நடக்கும்போது, பாதிரியார் தோன் பியெத்ரோ குண்டையும் துப்பாக்கியையும் படுத்திருக்கும் கிழவரின் கட்டிலில் ஒளிக்கிறார். சாகப்போகிறவருக்குக் கடைசிச் சடங்கு செய்வதாகப் பாவனை. கிழவரோ சாகிற மாதிரி நடிக்க மறுக்கிறார். படைவீரர்கள் உள்ளே வரும்போது கிழவர் அசையாமல் கிடக்கிறார், பாதிரியார் ஜெபம் சொல்கிறார். வாணலியால் மண்டையில் ஒன்று போட்டுப் படுக்கவைத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிகிறது. அரங்கில் இருந்த கொஞ்சம் பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள், பிடித்துச் செல்லப்படும் பிரான்செஸ்கோவின் பெயரைக் கத்திக்கொண்டு பினா லாரிக்குப் பின்னால் ஓடுகிறாள், சுடப்படுகிறாள். அன்றுதான் அவர்களுக்குக் கல்யாணம்.

பினாவாக நடித்த அன்னா மன்யானிதான் கதாநாயகி. அவளே போய்விட்டாள், இனி என்ன இருக்கிறது என்று டீ குடிக்க எழுந்த மூத்த உறுப்பினர்கள் சிலர் திரும்பவே இல்லை. படம் அதற்குப் பிறகுதான் இறுகுகிறது. ஃபர் கோட்டுக்கும் போதைக்கும் நாஜிகளை எதிர்த்த காதலனைக் காட்டிக்கொடுத்த மரீனா, அவன் சித்திரவதையில் செத்துக் கிடப்பதைப் பார்த்து மயங்கி விழுகிறாள். கோட்டைக் கொடுத்த ஜெர்மன்காரி அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். நாஜி ஆக்கிரமிப்பு எப்படி வேலை செய்தது என்பதற்கு இந்தக் கோட்டு போதும்.

‘மிகைப்படுத்தல்’ என்றவருக்கும் ஒரு பதில். 1944 மார்ச் 3 அன்று, பிடிபட்ட கணவரைப் பார்க்கப் போன கர்ப்பிணி தெரேசா குல்லாச்சே ரோம் வீதியில் ஜெர்மன் வீரனால் சுடப்பட்டார். பினா பிறந்தது அங்கேதான். பாதிரியார் பாத்திரத்துக்குப் பின்னால் இரண்டு நிஜப் பாதிரியார்கள் உண்டு. அவர்களில் பியெத்ரோ பப்பகல்லோ, மார்ச் 24 அன்று ரோமின் அர்தேயாத்தீனே குகைகளில் ஜெர்மானியர்களால் கொல்லப்பட்ட 335 பேரில் ஒருவர். இதையெல்லாம் அச்சிட்டு வாசலில் கொடுத்தேன். பாதி பேர் அதை விசிறியாக வீசிக்கொண்டார்கள். மின்விசிறி ஓடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணக்கு வழக்கு பொருளாளரிடம் உள்ளது. வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாகப் போயிற்று, துண்டு விழுந்ததைக் கைமாற்றாகச் சரிக்கட்டினோம். துண்டு விழுந்த காரணம் படமல்ல, சந்தா. இரண்டு ஆண்டுகளாகச் சந்தா தராதவர்கள்தான் படத் தேர்வு பற்றிக் குழுவில் நீளநீளமாக எழுதுகிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை; பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

அரங்கம் தந்தவர்களுக்கும், ப்ரொஜெக்டர் தந்த நண்பருக்கும், நாற்காலி அடுக்கிய தம்பிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஆக்கிரமிப்புக் காலப் படங்கள் மூன்றைத் தொடர்ச்சியாகத் திரையிட எண்ணம். அரங்க முன்பணம் ஏப்ரலுக்குள் கட்ட வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதாக இருந்தாலும் மகிழ்ச்சிதான், சாவியை இன்றே தருகிறேன். இல்லையென்றால், கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஜிபேயும் உண்டு.