அமைச்சரின் நற்பெயருக்கு அரசு வழக்குரைஞர் எதற்கு?

தமிழ்நாடு சட்டப்பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பொதுவாழ்வில் நற்பெயரின் மதிப்பைத் தேர்தலில் நின்று வென்ற உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பெயரைப் பொய்ச்செய்தி ஒன்று ஒரே நாளில் குலைத்துவிடக்கூடும் என்பதும், அதற்குப் பரிகாரம் வேண்டும் என்பதும் நியாயமே. நற்பெயர் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறித்தான், 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், இந்த மடலில் நான் கேட்பது அதைவிடச் சிறியது: அமைச்சர்களின் பெயரைக் காக்க அரசு வழக்குரைஞரை நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

அவதூறுக்கு ஆளான சாதாரணக் குடிமகன், நீதித்துறை நடுவர் முன் தாமே புகார் கொடுத்து, தம் செலவில் வழக்குரைஞரை அமர்த்தி, வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும். அமைச்சருக்கோ தனி வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 222ஆம் பிரிவாகத் தொடரும் ஏற்பாட்டின்படி, அவருடைய அரசுப் பணி தொடர்பான அவதூறுக்கு அரசு அனுமதி ஆணை பிறப்பித்தால், அரசு வழக்குரைஞரே நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். அமைச்சர் புகார்தாரராக நிற்க வேண்டியதில்லை. இதற்கான செலவு மக்கள் வரிப்பணம். எதிர்த்தரப்பில் நிற்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்ற அச்சம். பெரிய நாளிதழ்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். மாவட்டத்திலிருந்து வெளிவரும் சிற்றிதழின் ஆசிரியருக்கோ, தீர்ப்பு எதுவாக இருந்தாலும், நீதிமன்றத்துக்கு நடையாய் நடப்பதே தண்டனையாகிவிடுகிறது.

இந்த வழக்கத்தின் நீண்ட வரலாறு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில், அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரும் உரிமை அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. உரிமையியல் வழக்குக்கான அந்த வாசல் அடைபட்ட பின்னும் குற்றவியல் வாசல் திறந்தே கிடந்தது. 2011 முதல் 5 ஆண்டுகளில் அதன் வழியாக 200க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் தொடரப்பட்டன. பொதுவாழ்வில் இருப்போர் விமர்சனத்தை எதிர்கொள்ளத்தான் வேண்டும் என்று, 2016 ஆகஸ்டில் விஜயகாந்த் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது. 2020 மே மாதம் ஊடகங்கள் மீதான இத்தகைய வழக்குகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் மொத்தமாக ரத்து செய்தபோது, அரசு தருவதை ஆராயாமல் அப்படியே நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கும் வெறும் அஞ்சல் நிலையம் போல அரசு வழக்குரைஞர் செயல்படக் கூடாது என்று நீதிபதி அப்துல் குத்தூஸ் கண்டித்தார். 2021இல் ஆட்சி மாறியதும் பத்திரிகையாளர்கள் மீதான வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அதை மனமார வரவேற்றேன். ஆனால் அந்த நிவாரணம் ஆள்பவர் மாறியதால் வந்ததே ஒழிய, சட்டம் மாறியதால் வந்ததன்று.

ரத்தான வழக்கிலும் திரும்பப் பெற்ற வழக்கிலும் எழுதப்பட்டது பொய் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆகவே, யாருடைய பெயரைக் காப்பதற்காக இத்தனை ஆணைகள் பிறப்பிக்கப்பட்டனவோ அவர்களுக்கும் இவற்றால் பெயர் மீளவில்லை. ஒப்பந்தம் ஒன்றில் முறைகேடு என்று செய்தி வந்தால், ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களை மறுநாளே வெளியிடும் அமைச்சரை மக்கள் நம்புவார்கள். ஆவணத்தைப் பூட்டிவைத்து அழைப்பாணை அனுப்புபவரை ஏன் நம்ப வேண்டும்? பேரவைக்குள் பேசும் எந்தச் சொல்லுக்காகவும் உங்கள் மீது வழக்குத் தொடர முடியாதபடி அரசமைப்புச் சட்டத்தின் 194ஆம் பிரிவு காக்கிறது. அந்தப் பாதுகாப்பை நான் மதிக்கிறேன். ஆட்சியைப் பற்றி அச்சமின்றிப் பேசத்தான் அது உங்களுக்குத் தரப்பட்டது. அதே ஆட்சியைப் பற்றி வெளியே பேசும் வாக்காளர் மட்டும் அரசின் முழு பலத்தையும் தனியாக எதிர்த்து நிற்க வேண்டும் என்பது எந்த வகையில் நீதி?

குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், அமைச்சர்களுக்கான இந்தத் தனி வழியைத் தமிழ்நாட்டளவில் நீக்கும் திருத்தத்தைப் பேரவை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். இலங்கை 2002லேயே குற்றவியல் அவதூறை முழுமையாகக் கைவிட்டது. 1860இல் இச்சட்டத்தை நமக்குத் தந்த பிரிட்டனும் தன் நாட்டில் அதை 2010இல் ஒழித்தது. ஒப்புதல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை: அனுமதி ஆணை தருவதும் மறுப்பதும் இன்றும் மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டதாகக் கருதும் அமைச்சர் மற்றவர்களைப் போலத் தம் பெயரில், தம் செலவில் வழக்குத் தொடரட்டும்; அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை.

முதல் படியாக, இதுவரை பிறப்பிக்கப்பட்ட அனுமதி ஆணைகள் எத்தனை, அவற்றுக்கு அரசு செலவிட்டது எவ்வளவு, எத்தனை வழக்குகள் தண்டனையில் முடிந்தன என்ற விவரங்களை அடுத்த கூட்டத்தொடரிலேயே பேரவையில் வைக்குமாறு, எக்கட்சியைச் சேர்ந்தவராயினும் உங்களில் ஒருவர் கேள்வி எழுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்