நெடுந்தீவுக் குதிரைகளுக்குச் சோளகத்துக்கு (தென்மேற்குப் பருவக்காற்று) முன் நான்கு தண்ணீர்த் தொட்டிகள் கோரும் மூன்றாவது மனு

பொறுப்பதிகாரி அவர்கள்,
வனசீவராசிகள் திணைக்களம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாகச் சென்ற வருடம் வைகாசியில் ஒரு மனுவும் ஆவணியில் இன்னொரு மனுவும் தங்கள் அலுவலகத்தில் நேரில் கையளித்தோம். முதல் மனுவுக்குக் 'கிடைத்தது' என்று ஒரு துண்டு வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ஆகவே இதை எழுதுகிறோம்.

நெடுந்தீவைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குறிகட்டுவானில் படகேறி மாவிலித்துறையில் இறங்கி, குதிரைகள் நிற்கும் வெளிவரை தாங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள். ஆனால் தாங்கள் வந்தது தை மாதம். மாரி மழை முடிந்து துரவெல்லாம் (வெளியில் தோண்டிய நீர்க்குழிகள்) தண்ணீர், புல் கணுக்காலளவு. ஆவணியில் வந்தால் அதே வெளிதானா என்று கேட்பீர்கள்.

நான் விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது ஆடு வளர்க்கிறேன். எங்கள் வேண்டுகோள்களைக் கீழே தருகிறேன்.

1. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் லாயம் கட்டி வளர்க்கப்பட்டு, பிரித்தானியர் காலத்தில் நோலன் துரை மேற்பார்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. 2015 ஜூனில் தீவின் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. வர்த்தமானியைக் குதிரை குடிக்க முடியாது, அவ்வளவுதான்.

2. தண்ணீர். சோளகம் எழுந்தால் வெளியிலுள்ள துரவும் குட்டையும் வைகாசி முடியுமுன் சேறாகும், ஆனியில் அந்தச் சேறும் வெடிக்கும். தீவின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அது குறையக் குறையக் கிணறு உவர்க்கும். சனங்களே குடிதண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் ஊர் இது. குதிரைக்கு வரிசையில் நிற்கத் தெரியாது.

சென்ற ஆவணியில் நான் கண்டதைச் சொல்கிறேன். செம்பட்டை நிறப் பெட்டைக் குதிரை ஒன்று வற்றிய துரவுக்குள் இறங்கி முன்னங்காலால் தோண்டிக்கொண்டு நின்றது. முழங்காலளவு பள்ளம். ஊறியது ஒரு சிரட்டைத் தண்ணீர் வரும், அதுவும் சாம்பல் நிறம். தாய் தலையைத் தூக்கிக்கொள்ள, குட்டி அதை நக்கியது. நான்கு மாதக் குட்டி. மூக்கைச் சுற்றிச் சேறு காய்ந்து ஓடு மாதிரிப் பிடித்திருந்தது. பேரனும் நானும் சைக்கிளில் இரண்டு 20 லீற்றர் கான் கொண்டுபோய்ப் பேசினில் ஊற்றினோம். குட்டி வாய் வைக்குமுன் ஒரு பொலிக்குதிரை (ஆண் குதிரை) காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் துரத்திவிட்டது. அதுவும் அதன் பெட்டைகளுமாகக் குடித்து முடித்தன. ஒரு குதிரைக்கே நாளுக்கு 20 லீற்றர் போதாது, நாங்கள் எத்தனை தரம் சைக்கிள் மிதிப்பது? மூன்றாம் நாள் குட்டி துரவு ஓரத்தில் கிடந்தது. காகம் வருமுன் பேரன் சாக்கைக் கொண்டுபோய் மூடினான்.

தயவுசெய்து தண்ணீர் வையுங்கள், ஐயா.

3. "குட்டிதானே, அடுத்த வருடம் இன்னொன்று பிறக்கும்" என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கணக்குப் பாராத பேச்சு. குதிரையில் ஒரு பொலி பல பெட்டைகளைத் தன் கூட்டமாக வைத்திருக்கும். மற்ற ஆண்கள் புறம்பாகத் திரியும். 100 குதிரை நிற்கிறது, குட்டி போடுவதில் 10 ஆணும் 90 பெட்டையும் பங்கெடுக்கின்றன என்று வையுங்கள். பிறப்புரிமையியல் (மரபியல்) கணக்கில், அதாவது அடுத்த தலைமுறைக்கு எத்தனை குதிரையின் இரத்தம் போகிறது என்ற கணக்கில், அது 36 குதிரைக்குத்தான் சமம். (நான்கு தரம் பத்து தரம் தொண்ணூறு, நூறால் வகுக்க வேண்டும். உயர்தரப் பிள்ளையே போடும்.) இந்தத் தொகை 50-க்குக் கீழே போனால் உள்விருத்தியின் கேடு கெதியாகத் தலைகாட்டும் என்று 1980 இலேயே எழுதிவிட்டார்கள். சொந்த இரத்தத்துக்குள்ளேயே பிறந்து பிறந்து, மறைந்திருந்த குறையெல்லாம் வெளியே வரும். சுற்றிவரக் கடல், வெளி இரத்தம் எங்கிருந்து வரும்?

ஆடு வளர்க்கிறவன் இதைப் புத்தகம் பார்த்துப் படிப்பதில்லை. ஒரே கிடாயை அதன் பிள்ளைகளுக்கும் விட்டால் குட்டி சோடை போகும். அதனால் புங்குடுதீவிலோ வேலணையிலோ கிடாய் மாற்றி எடுப்போம். குதிரைக்கு யார் படகில் பொலி மாற்றுவது? அமெரிக்காவில் புளோரிடாப் பூமாக்கள் (சிறுத்தை மாதிரி ஒரு பெரும்பூனை) இப்படித்தான் ஒரு மூலையில் அடைபட்டு, வால் முறுகி, ஆண்களுக்கு விதை இறங்காமல் பிறக்கத் தொடங்கின. 1995 இல் டெக்சாசிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தொகை ஏறியது. அப்படி எதையும் நாங்கள் இப்போது கேட்கவில்லை. அந்த நிலைக்குக் கொண்டுபோய் விடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

4. ஒரு தொட்டி வைத்துவிட்டுப் படம் எடுத்துப் போக வேண்டாம். மேலே சொன்ன பேசின் கதையை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் இருந்தால் அதைப் பலமுள்ள ஒரு பொலி பிடித்துவைத்துக்கொள்ளும், அதன் கூட்டம் தப்பும், மற்றக் கூட்டங்களின் குட்டிகள் சாகும். அடுத்த தலைமுறை முழுக்க ஒரு தகப்பன் பிள்ளைகள்! ஆகவே நான்கு தொட்டிகள், ஒன்றுக்கொன்று அரைக் கிலோமீற்றராவது தள்ளி. நீளமாக, குட்டிக்கு எட்டும்படி இரண்டடி உயரத்துக்கு மேற்படாமல். சித்திரை முடியுமுன். நிரப்பும் வேலையை நாங்கள் முறை வைத்துச் செய்கிறோம், பவுசரும் (தண்ணீர் ஏற்றும் லொறி) டீசலும் மட்டும் தாருங்கள்.

5. குதிரைகளைக் கூட்டம் கூட்டமாக எண்ணிப் பதிய வேண்டும். புது இலத்தியிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கலாம், ஒன்றைக்கூடப் பிடிக்கவோ மயக்கவோ தேவையில்லை. இலத்தி பொறுக்க நான் வருகிறேன்.

6. முட்கம்பி. பழைய கல்வேலியைக் குதிரை சுற்றிப் போகும், கம்பியைக் காணாமல் பாய்ந்து நெஞ்சைக் கிழித்துக்கொள்ளும். தண்ணீருக்குப் போகும் தடங்களில் மட்டுமாவது கம்பியை எடுப்பியுங்கள். தோட்டக்காரருக்கும் பாதுகாப்பு வேண்டும்தான், அதைப் பேசித் தீர்க்கலாம். பேச யாராவது வந்தால்.

7. சுற்றுலா வருபவர்கள் இந்தக் குதிரைகளைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வருகிறார்கள்? பதாகையில் பாயும் குதிரையின் படம் போடத் தெரிகிறது. அந்தப் பதாகைக்கு ஆன காசுக்கு ஒரு தொட்டி கட்டியிருக்கலாம். கோபத்தில் எழுதுகிறேன், ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அழித்து எழுதப் போவதில்லை.

நாங்கள் கேட்பது கட்டடமோ கருத்தரங்கோ அல்ல. நான்கு தொட்டி, அதற்குத் தண்ணீர், அதுவும் சோளகத்துக்கு முன். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள். வேறு கதவைத் தட்டுவோம். தபாலில் போட்டால் காற்று நாளில் படகு பிந்தும். கிராம அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாலும் சரி.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் (ஒப்பம்)
நெடுந்தீவு

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் பிரதிகள், ஊரவர் ஒப்பங்கள், துரவின் படம் ஒன்று.