வெங்காய வேரையும் பாடத்தில் சேருங்கள்

மேல்நிலை வகுப்புத் தாவரவியல் பாடநூலை ஆக்கும் குழுவினருக்கும், அதிலிருந்து வினாத்தாள் எடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குத் தாவரவியல் ஆய்வகம் எடுக்கிறேன். நீங்கள் எழுதிய பாடத்தை முடித்த பிள்ளைகள்தான் என்னிடம் வருகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள். இருவித்திலை (விதையில் இரண்டு விதையிலை உள்ள) தாவர வேருக்கும் ஒருவித்திலை (ஒரே விதையிலை உள்ள) தாவர வேருக்கும் என்ன வேறுபாடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், உங்கள் வேறுபாட்டு அட்டவணையை அப்படியே சொல்வார்கள். அவரை வேரைக் குறுக்கே வெட்டினால் சைலத்துக்கு (நீரை மேலே கடத்தும் திசு) நான்கு முனை, மக்காச்சோள வேரில் பல முனை. முன்னதில் பித் (நட்டநடுவில் இருக்கும் மென்மையான திசு) கிடையாது, பின்னதில் உண்டு. அப்புறம் ஒரு வெங்காய வேரைக் கையில் கொடுத்தால் அத்தனையும் குழம்பிவிடுகிறது.

வெங்காயம் ஒருவித்திலைத் தாவரம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதன் வேரைக் குறுக்கே சீவி, சாஃப்ரனின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பெரும்பாலும் ஆறு சைல முனைகள் தெரியும். சிலவற்றில் ஐந்தோ ஏழோ இருக்கும். நட்டநடுவில் பித் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய மெட்டாசைலக் குழாய் (பிற்பாடு முதிரும் அகன்ற சைலக் குழாய்) உட்கார்ந்திருக்கிறது. அட்டவணையை நம்பினால் இதை இருவித்திலை என்றுதான் எழுத வேண்டும். என் வகுப்பில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "சார், ஸ்லைடு மாறிப்போச்சு" என்றாள். கண்ணால் பார்ப்பதைவிட அட்டவணை மேல் அவ்வளவு நம்பிக்கை!

மறுபக்கம் ஆலமரம். அது இருவித்திலைத் தாவரம். ஆனால் இளம் விழுது ஒன்றை வெட்டிப் பாருங்கள். சைலம் பல முனைகளோடு இருக்கும், நடுவில் பித்தும் இருக்கும். மக்காச்சோளத்துக்குச் சொன்ன இரண்டு அடையாளங்களும் ஆலம் விழுதில் கிடைக்கின்றன. சந்தையில் கிடைக்கும் வெங்காயமும் ஊர்ப்பொதுவில் நிற்கும் ஆலும் விதிக்கு அடங்கவில்லை என்றால், விதியை எழுதும் விதத்தில் கொஞ்சம் தளர்வு வேண்டாமா?

அட்டவணையை எடுத்துவிடச் சொல்லவில்லை. முதன்முதலாகப் படிக்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்தான். 'பெரும்பாலும்' என்ற சொல்லையும், கீழே வெங்காயத்துக்கும் ஆலுக்கும் இரண்டு வரியையும் சேர்க்கச் சொல்கிறேன். படத்தில் காட்டுவது வேரின் எந்தப் பகுதி என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகள் வேர் முழுக்க இப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நுனியை ஒட்டிய பகுதியில் சைலம் இன்னும் முதிர்ந்திருக்காது. இருவித்திலை வேர் பருக்கத் தொடங்கினால் பெரிசைக்கிளிலிருந்து (அகத்தோலுக்கு உட்புறம் ஒட்டிய அடுக்கு) தக்கை உருவாகி, புறணியும் (வெளித்தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதி) அகத்தோலும் பெரும்பாலும் உதிர்ந்தே போய்விடும். முற்றிய ஆலம் வேரில் உங்கள் படத்தைத் தேடினால் கிடைக்காது.

எனக்குப் பெரிய மனக்குறை அகத்தோலைப் பற்றியது. வேரின் உள்ளமைப்பில் ஒன்றை மட்டும்தான் சொல்லித்தர நேரம் இருக்கிறது என்றால், நான் அகத்தோலைத்தான் எடுப்பேன். புறணியின் கடைசி அடுக்கு அது. அந்தச் செல்களின் ஆரச் சுவர்களிலும் குறுக்குச் சுவர்களிலும் ஒரு மெல்லிய பட்டை சுற்றிவருகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பேரி 1865-இல் அதை விவரித்ததால் காஸ்பேரியன் பட்டை என்கிறோம். மண்ணிலிருந்து வரும் நீரும் அதில் கரைந்த உப்புகளும், புறணியில் எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாமல் சுவர்களின் ஊடாகவே ஊறி வந்துவிடலாம். இந்தப் பட்டையில் அந்த வழி அடைபடுகிறது. செல்சவ்வும் அந்த இடத்தில் சுவரோடு இறுக ஒட்டியிருப்பதால் இடுக்கு வழியும் கிடையாது. சைலத்துக்குப் போக வேண்டுமானால் உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். சவ்வில் இருக்கும் புரதங்கள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்கின்றன. வேருக்குள் இருக்கும் சோதனைச் சாவடி இதுதான். தேர்வில் இது 'பீப்பாய் வடிவச் செல்கள்' என்று ஒரு மதிப்பெண்ணோடு முடிந்துபோகிறது.

பட்டை எதனால் ஆனது என்பதையும் திருத்த வேண்டும். சூபரின் (தக்கையில் இருக்கும் மெழுகு போன்ற பொருள்) என்றே நெடுங்காலம் எழுதி வந்தோம். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வுக் குழு, பட்டை எந்த இடத்தில் அமைய வேண்டும் என்று குறிக்கும் புரதங்களை 2011-இல் கண்டறிந்தது. அடுத்த ஆண்டே, ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸில் பட்டை லிக்னினால் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) ஆனது என்றும், சூபரின் இல்லாமலே அது தடையாக வேலை செய்கிறது என்றும் காட்டியது. சூபரின் பிற்பாடு செல்லைச் சுற்றிலும் படிகிற தனி அடுக்கு. நீட் தேர்வுக்குச் சூபரின் என்று எழுதினால்தானே மதிப்பெண் என்பீர்கள். சரி, இரண்டையும் எழுதுங்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

விடிகாலையில் நெல் நாற்றின் இலை நுனியில் நிற்கும் துளியை எல்லோரும் பனி என்கிறார்கள். அதில் பெரும்பகுதி வேர் தள்ளிய நீர். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் உப்புகளைச் சைலத்துக்குள் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அதன் பின்னால் நீரும் நுழைந்து அழுத்தம் ஏறுகிறது. சேர்த்த உப்பு திரும்ப மண்ணுக்கே கசிந்து போகாமல் பிடித்து வைப்பது அகத்தோல். வேர் அழுத்தம் வேறொரு பாடத்தில், நீர்க்கசிவு இன்னொரு பக்கத்தில், அகத்தோல் இங்கே என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு குறிப்பு போட்டு இணைத்தால்கூடப் போதும்.

இன்னொன்று, நம் மாணவர்களில் எத்தனையோ பேர் நெல் வயலிலிருந்து வருகிறார்கள். ஒருவித்திலை வேருக்கு மக்காச்சோளத்தோடு நெல்லையும் வைக்கக் கூடாதா? நெல் வேரின் புறணியில் செல்கள் வரிசையாகச் செத்து, நீளவாக்கில் காற்றுக் குழிகளாகின்றன. தண்ணீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் இல்லை. இலையிலிருந்து காற்று இந்தக் குழிகள் வழியாகத்தான் வேர் நுனிக்கு இறங்குகிறது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து துருவாகப் படிவதால்தான், நாற்றுப் பிடுங்கும்போது சில வேர்கள் செம்பழுப்பாக இருக்கின்றன. பிள்ளைகள் கண்ணால் பார்த்த விஷயம் இது. பாடத்தில் வந்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நெல் வேரில் காஸ்பேரியன் பட்டை இரண்டு இடத்தில் உண்டு, வெளியே புறத்தோலடுக்கில் (வெளித்தோலுக்கு அடுத்து உள்ளே இருக்கும் அடுக்கு) ஒன்று, உள்ளே அகத்தோலில் ஒன்று. நெல் மண்ணிலிருந்து ஏராளமாகச் சிலிக்கானை எடுப்பது இந்த இரண்டு அடுக்குகள் வழியாக. செல்லின் வெளிப்பக்கம் உள்ளே விடும் புரதம், உட்பக்கம் அடுத்த பகுதிக்குத் தள்ளும் புரதம். ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் முதலாவதை 2006-இலும் இரண்டாவதை 2007-இலும் கண்டுபிடித்தார்கள். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனைட்டும் இதே வழியில் நுழைகிறது என்று 2008-இல் தெரியவந்தது. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக் அரிசிக்குள் எப்படி வருகிறது என்று கேட்டால், பதில் இந்த இரண்டு செல் அடுக்குகளில் தொடங்குகிறது. 'வேரின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்து பாகம் குறி' என்ற கேள்வியில் இதற்கு இடமே இல்லை.

செய்முறைத் தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரத் தகட்டை (ஸ்லைடை) வைத்து 'இனங்காண்க' என்றால், பிள்ளைகள் தகட்டின் மூலையில் இருக்கும் கீறலை வைத்தே அடையாளம் கண்டுவிடுகிறார்கள். வேரை அவர்களே வெட்டட்டும். ஒரு டம்ளர் தண்ணீரின் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்தால் சில நாளில் வேர் வந்துவிடும். கேரட் துண்டைப் பிளந்து, நடுவில் வேரை வைத்து, புது பிளேடால் இரண்டையும் சேர்த்துச் சீவ வேண்டும். நுனிக்கு மிக அருகில் வெட்டினால் நடுக்குழாயின் சுவர் தடித்திருக்காது, சாயம் ஏறாது, பித் என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. கொஞ்சம் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். நுண்ணோக்கி இல்லாத பள்ளிகளுக்கு, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். சைல முனைகளை எண்ண அது தாராளம்.

வினாத்தாள் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேறுபாட்டு அட்டவணை கேட்கும் இடத்தில் இந்த மூன்றில் ஒன்றை வைத்துப் பாருங்கள். அகத்தோலில் பட்டை உருவாகாத செடி ஒன்று உப்பு நிலத்தில் என்ன ஆகும்? பக்கவேர் ஏன் வெளித்தோலிலிருந்து கிளம்பாமல் பெரிசைக்கிளிலிருந்து புறணியைத் துளைத்துக்கொண்டு வருகிறது? ஆறு சைல முனைகளோடும் பித் இல்லாமலும் ஒரு வேரின் படம் கொடுத்து, இது எந்த வகைத் தாவரம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா, வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதுகிறவருக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியர்