கணக்கு நோட்டைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்: நகரப் பண்ணை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பண்ணை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலும் கடலூரிலும் காலி மனைகளிலும் பள்ளிக்கூடங்களின் பின்பக்கத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக் காய்கறி போட வைத்து, கூடவே தலைமைப் பயிற்சியும் கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. பொருந்துகிறவர் எடுத்துக்கொள்ளலாம், பொருந்தாதவர் விட்டுவிடலாம். நான் காய்கறி மண்டியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. எந்தச் சரக்கு எந்த மாதம் வரும், என்ன விலைக்குப் போகும், யார் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது தெரியும். பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடந்த மனைகள் பாத்தியும் பந்தலுமாக மாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். செல்போனை விட்டுத் தலை நிமிராத பையன்கள் எருக்குழியில் இறங்கி நிற்கிறார்கள். நல்ல விஷயம். என் கேள்வி அதற்கு அப்புறம் வருவதைப் பற்றியது. விளைந்த கீரை எங்கே போகிறது?

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போகிறது. நன்கொடை தருகிறவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வேண்டியதைச் சொல்லிவிடுகிறார்கள். சனிக்கிழமை மாலை துணிப்பையில் வீடு தேடிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விலையை அலுவலகத்தில் ஒருவர் போடுகிறார். வாங்குகிறவர் பேரம் பேசுவதில்லை. இலை வாடியிருந்தாலும் ‘பாவம், பிள்ளைகள் போட்டது’ என்று வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். பஞ்சகவ்யத்தில் என்னென்ன சேரும், எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கடகடவெனச் சொன்னான். ஒரு கட்டுக் கீரை போட உங்களுக்கு என்னப்பா செலவாகிறது என்று கேட்டேன். “அதெல்லாம் சார்தான் பாப்பாரு” என்றான்.

அந்த ‘சார்தான் பாப்பாரு’தான் எனக்கு உறுத்தல்.

கீரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். முளைக்கீரை விதைத்தால் ஒரு மாதத்தையொட்டி வேரோடு பிடுங்கிவிடலாம். பாத்திக்கு ஒரு வரவு, அதோடு சரி. அப்புறம் மறுபடி கொத்தி, மறுபடி விதைக்க வேண்டும். அரைக்கீரை அப்படியில்லை. அறுக்க அறுக்கத் துளிர்க்கும், ஒரே பாத்தி மாதக்கணக்கில் வரவு தந்துகொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் எரு, தண்ணீர், ஆள் என்று செலவும் நின்றுகொண்டே இருக்கும். இருக்கிற பத்துப் பாத்தியில் எது எத்தனை போடுவது? இதைப் பிள்ளைகள் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டு, சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். நீங்கள் விதைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து “இன்று இதைப் போடுங்கள்” என்று சொன்னால் அவர்கள் கூலியாட்கள்தான். அதுவும் கூலி வாங்காத கூலியாட்கள்.

அடுத்தது விற்பது. விடியற்காலையில் அறுத்து, வாழைநாரில் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கட்டு ஏழு மணிக்கு விறைப்பாக நிற்கும். வெயில் ஏற ஏற நுனி துவளும். பத்து மணிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒன்பதரைக்கு இன்னும் இருபது கட்டு மிச்சம் என்று வையுங்கள். இருபது ரூபாய்க் கட்டைப் பதினைந்துக்கு இறக்குவதா? ‘இரண்டு கட்டு முப்பது’ என்று கூவுவதா? மொத்தமாக யாராவது மெஸ்காரரிடம் தள்ளிவிடுவதா? முழு விலைக்கு வாங்கிப் போன அம்மா திரும்பி வந்து “எனக்கு மட்டும் இருபதா?” என்று கேட்டால் என்ன சொல்வது? இதற்கெல்லாம் அரை மணி நேரத்தில் முடிவெடுத்து, கூட நிற்கிற மூன்று பேரையும் அதற்கு ஒப்புக்கொள்ள வைக்கிற பெண்ணை எனக்குக் காட்டுங்கள். தலைமைப் பண்புகள் என்று தலைப்புப் போட்டுச் சார்ட் பேப்பரில் எழுத வைக்கிற வகுப்பு அவளுக்குத் தேவைப்படாது.

எங்கே விற்பது என்பீர்கள். உழவர் சந்தை 1999இல் வந்தபோதே அடையாள அட்டை உள்ள விவசாயிகளுக்கு என்று வந்தது. அதில் போய் இடம் கேட்பது முறையில்லை. புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சண்டே மார்க்கெட்டில் ஒரு ஓரம் போதும். பள்ளிக்கூட வாசல், குடியிருப்பு வாசல் எதுவும் சரிதான். ஆனால் ஒரு நிபந்தனை சொல்வேன். பக்கத்தில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கிற கீரைக்கார அம்மாவின் விலைக்குக் கீழே உங்கள் பிள்ளைகள் விற்கக்கூடாது. உங்கள் கீரைக்கு நன்கொடை முட்டுக் கொடுக்கிறது. அவர் கீரைக்கு யார் முட்டுக் கொடுக்கிறார்கள்? முடிந்தால் அவரையே கூப்பிட்டுக் கட்டுக் கட்டுவது, வாடாமல் வைப்பது, முகம் பார்த்து விலை சொல்வது எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து வருகிற பயிற்சியாளருக்குக் கொடுக்கிற அதே தொகையை அவருக்கும் கொடுங்கள்.

காசு என்றதும் உங்களில் பலருக்கு முகம் சுளிக்கும். “சின்னப் பிள்ளைகள் கையில் பணம் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் சார்” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவருக்கு ஒன்று தெரியவில்லை. முகூர்த்த நாட்களில் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் இலை போட்டுப் பரிமாறுகிற பையன்களில் பலர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கேட்டரிங் வேலை என்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கையில் காசோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் காசில் செல்போன் ரீசார்ஜும் உண்டு, தங்கச்சிக்கு நோட்டுப் புத்தகமும் உண்டு. உங்கள் பண்ணை சர்டிபிகேட் கொடுக்கிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் யார் வருவார்கள்? அந்த நாளை விட்டுக்கொடுக்க முடிகிற வீட்டுப் பிள்ளைகள்தான். யாருக்காக ஆரம்பித்தீர்களோ அவர்கள் மண்டபத்தில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பண்ணைக்கு முன்னோடி என்று பலரும் காட்டுவது அமெரிக்காவின் ஃபுட் பிராஜெக்ட். 1991இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் லிங்கன் என்ற சிறிய ஊரில் ஆரம்பித்தார்கள். நகரத்துப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் ஒரே வயலில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். விளைந்ததை விற்கும் சந்தைக் கடையிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், பிள்ளைகளுக்கு அங்கே சம்பளம் உண்டு. ஒழுங்கு தவறினால் அதில் பிடித்தமும் உண்டு. அப்புறம் ஒழுங்காக நடந்துகொண்டால் பிடித்த காசைத் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். உட்கார வைத்து முகத்துக்கு நேராக, நீ செய்ததில் இது நன்று, இது சரியில்லை என்று பேசுகிற வழக்கமும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அவர்களைப் பார்த்து ஆரம்பித்தவர்கள் பாத்தியையும் பாட்டையும் எடுத்துக்கொண்டார்கள், சம்பளத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

சட்டத்தைக் காட்டி ஒதுங்க வேண்டாம். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, சின்னவர்கள் விளையாடட்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் சேர்க்கக்கூடாது என்றிருக்கிறது. பூச்சிமருந்து, இயந்திரம் பக்கம் விடாமல், படிப்பு கெடாத நேரத்தில் உதவித்தொகை கொடுக்க வழி உண்டா என்று ஒரு வக்கீலிடமோ தொழிலாளர் துறையிடமோ கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை அது.

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் வில் ஆலன் என்பவர் 1993இல் நிலம் வாங்கி ஆரம்பித்த குரோயிங் பவர் பண்ணையை நகரப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். முன்பு கூடைப்பந்து ஆட்டக்காரராக இருந்தவர். 2008இல் அங்கே பெரிதாக மதிக்கப்படுகிற மெக்ஆர்தர் விருது வாங்கினார், உலகமே வந்து பார்த்தது. 2017இல் கடன் சுமையோடு அமைப்பு மூடப்பட்டது. மண்ணும் புழு உரமும் நன்றாகத்தான் இருந்தன. அங்கே உள்ளே என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பேர் போன பண்ணைக்கும் கணக்குக் கவிழும் என்பது அதிலிருந்து தெரிகிறதா இல்லையா? மண்டியிலும் இதே கதைதான். பெரிய முதலாளிகள் விழுந்தது சரக்கு வராமல் அல்ல, பேரேடு என்கிற பெரிய கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஆளில்லாமல்.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். தினச் சிட்டையைப் பிள்ளைகள் எழுதட்டும்: விதை, எரு, ஆட்டோ வாடகை, விற்றது, வாடி எருக்குழிக்குப் போனது எல்லாம். மாதம் ஒருமுறை அந்த வரவு செலவைப் பண்ணைச் சுவரிலேயே எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள், நன்கொடையாக வந்தது தனிப் பத்தியில். உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளாவது உட்காரட்டும், டீ கொண்டுவந்து வைக்க அல்ல. ஓர் ஆண்டு விழாவில் விருந்தினருக்குச் சால்வை போர்த்தி முடிகிற வரை, பாத்தி கொத்திய பிள்ளைகள் வரிசையாகத் தட்டு ஏந்தி நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

பணத்தை விட்டு ஒரு விஷயம். மே மாதத்தில் கோடை முகாம் வைக்கிறீர்களே, அது யார் யோசனை? பாஸ்டனில் கோடை என்றால் விளைச்சல் காலம், பள்ளி விடுமுறையும் அப்போதுதான், பொருந்துகிறது. இங்கே அக்கினி நட்சத்திரம். வெண்டையும் கொத்தவரையும் தாக்குப்பிடிக்கும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். இந்தக் கரையோரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மண்டி வரவேட்டைப் புரட்டினால் தையிலும் மாசியிலும்தான் உள்ளூர்க் காய் நிறைந்து வரும், விலையும் படுத்துவிடும். அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை இரண்டும் அதை ஒட்டியே இருக்கின்றன. வேலையை அங்கே கொண்டுபோங்கள். மே மாதத்தில் நிழலில் உட்கார்ந்து போன வருஷக் கணக்கைப் படியுங்கள், விதை சுத்தம் செய்யுங்கள், விடியற்காலையில் நாலு பேரை மண்டிக்குக் கூட்டிப்போய் ஏலம் காட்டுங்கள்.

மழை என்றதும் ஃபெஞ்சல் ஞாபகம் வருகிறது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அடுத்தாற்போல் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்தையும் கடலூரையும் மூழ்கடித்தது. அந்த மாதிரி ஒரு வாரத்துக்குப் பிறகு பாத்தியில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் அறிக்கைகளில் அது ‘பாதிப்பு’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பிள்ளைகள் உட்கார்ந்து எவ்வளவு நஷ்டம், எதை மறுபடி போடலாம், கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று எழுதிப் பார்க்கட்டும். அவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அந்த வாரம் இதே கணக்குத்தான் நடந்திருக்கும்.

மண் பரிசோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடிபாடு கொட்டிய மனை, கடலோர உப்புத் தண்ணீர், கடலூரில் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டைப் பக்கம் என்றால் இன்னும் யோசனை. குருமாம்பேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். (ஊர்க் குப்பைக் கிடங்கும் அதே குருமாம்பேட்டில்தான். போகிற வழியில் பிள்ளைகளுக்கு அதையும் காட்டிவிடலாம்.) அப்புறம் கழிப்பறை. பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாத பண்ணையில் எட்டாம் வகுப்பு தாண்டிய பெண் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று ஆய்வு செய்ய வேண்டாம். கட்டுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. சிட்டை, பேரேடு எழுதச் சொல்லித்தர ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வரத் தயார். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிள் போகிற தூரமென்றால் நானே வந்துவிடுவேன். கடலூர் என்றால் பஸ் டிக்கெட் காசு கொடுத்துவிடுங்கள், அதையும் முதல் பக்கத்தில் செலவாக எழுத வைப்பேன். நீளக் கணக்கு நோட்டு ஒன்றும், அடிக்கோலும், இதுவரை விற்றதற்கான உங்கள் பில்களும் வேண்டும். சால்வை வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி