மோகனமும் ஸ்லெந்த்ரோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த ஜாவா பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். வெண்கல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் கமலான் இசையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, கட்டுரையாளருக்கு நன்றி. ஆனால் கைபேசிச் செயலியில் சுரம் பார்த்துவிட்டு, கமலானின் இரண்டு சுர அமைப்புகளில் ஸ்லெந்த்ரோ நம் மோகனம், அது மகிழ்ச்சிக்கு; மற்றதான பெலோக் சோகத்துக்கு என்று அட்டவணையே போட்டுவிட்டாரே, அதுதான் உறுத்துகிறது. யோக்யகார்த்தாவில் வேலை பார்த்த காலத்தில் நானும் இதையேதான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

மோகனத்தில் க–ப, த–ச இடைவெளிகள் பெரியவை, மற்றவை சிறியவை. ஸ்லெந்த்ரோவோ ஸ்தாயியை ஏறத்தாழ ஐந்து சம பங்காக்குகிறது. பழகிய காது அதை மோகனமாகத் திருத்திக் கேட்டுக்கொள்கிறது. போதாததற்கு, எல்லாக் கமலான்களுக்கும் பொதுவான சுருதி கிடையாது. ஓர் அரண்மனையின் வாத்தியத் தொகுதி இன்னோர் அரண்மனையின் தொகுதியோடு சேராது. செயலி பாவம், என்ன செய்யும்?

அட்டவணையின் மகிழ்ச்சியும் சோகமும் அங்கேயே பொய்த்துப்போகின்றன. பாலியில் தகனச் சடங்குக்கு வாசிக்கும் அங்க்லுங் கமலானுக்கு நான்கே சுரம், ஸ்லெந்த்ரோ வகை. கண்ணை மூடிக் கேட்டால் கல்யாண வீடு என்று நினைப்பீர்கள். யோக்யகார்த்தாவில் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளையொட்டி நடக்கும் செகாத்தென் விழாவில், பள்ளிவாசல் முற்றத்தில் முழங்கும் பெரிய கமலான்கள் இரண்டும் பெலோக். வெளியே தின்பண்டக் கடைகளும் திருவிழாக் கூட்டமுமாக இருக்கும்.

ஜாவாக்காரர்கள் கவனிப்பது பாத்தெத்தை, அதாவது ஒரே சுர அமைப்புக்குள் மெட்டு நடக்கும் முறையை. விடிய விடிய நடக்கும் வாயாங் நிழற்கூத்தில் முதலில் நெம், நள்ளிரவுக்குப் பின் சங்கா, விடியும்வரை மன்யுரா. (மன்யுரா நம் மயூரம்தான்.) மூன்றுமே ஸ்லெந்த்ரோ, வாசிப்பதும் அதே வெண்கலப் பட்டைகளில். எந்தச் சுரத்துக்கு அழுத்தம், மெட்டு எங்கே வந்து அமர்கிறது என்பதில்தான் வேறுபாடு. அதிலும் ஒரு பாத்தெத்துக்கு ஒரே உணர்ச்சி என்று எழுதிவிட முடியாது: கோமாளிகள் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பது சங்காவில், வனத்து முனிவரின் ஆசிரமக் காட்சி வருவதும் அதே சங்காவில்.

அப்படியானால் அழுகை எங்கிருந்து வருகிறது? கூத்தை நடத்தும் தலாங், துக்கக் காட்சியில் துலுதூர் என்னும் சோகப் பாட்டைப் பாடும்போது, அவர் குரலும் ரெபாப் என்னும் வில் வாத்தியமும் ஸ்லெந்த்ரோவில் இல்லாத சுரங்களுக்கு நழுவுகின்றன. வெண்கலத்தை வளைக்க முடியாதே! இந்தச் சுரங்களுக்குப் பெயர் மிரிங், அதாவது சாய்ந்தவை. முதன்முறை கேட்டபோது, சுருதி தப்பிவிட்டது என்று எண்ணிப் பக்கத்திலிருந்த பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், கேட்ட ஒவ்வோர் உருப்படிக்கும் பாத்தெத்தையும், எந்தச் சடங்கில் அல்லது எந்தக் காட்சியில் கேட்டார் என்பதையும் குறிப்பிடுமாறு சொல்லுங்கள். அட்டவணையை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்